மெஷினுக்குள் ஒரு நாற்காலி

நான் வங்கி வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் கண்ணாடி. சம்பளம் எவ்வளவு என்பதைக்கூட சேர்ந்த பிறகுதான் கேட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் இருந்தேன். பள்ளியில் உயர்நிலை நான்காம் வகுப்பு முடித்த கையோடு அங்கே போனேன். வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நின்று, "இந்த நிறம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அது வராது. சேலையை விரித்துத் தூக்கிப் பிடித்து அதன் பின்னால் முகத்தை வைத்துக்கொள்வேன். முதலாளி சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். "சேலைய விக்கச் சொன்னா சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிறியே, காச யாருகிட்ட கொடுப்பாங்க, சேலைக்கிட்டயா?" என்று ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருந்த ஒரு சின்ன வங்கிக் கிளைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது கவுண்டரைப் பார்த்தேன். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை தடித்த கண்ணாடி. பேசுவதற்கு நடுவில் வட்டமாகச் சில துளைகள். கீழே பிறை மாதிரி ஒரு திறப்பு. முகமெல்லாம் அந்தப் பக்கம், கை மட்டும் இந்தப் பக்கம். கையோடு பேசுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எழுபதுகளின் நடுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி எழுந்திருக்கவே வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில் வேலைக்கு வந்தால், இரண்டு பேர் வங்கியின் முன்சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜாகா பக்கத்தில் நின்று, கோப்பி குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வங்கிச் சுவரை யாராவது உடைத்தால் தடுப்பதற்காக மாதச் சம்பளம் வாங்கும் காவல்காரர் அவர்.

"என்னண்ணே இது?"

"தெரியல தங்கச்சி. மேனேஜர்தான் உடைக்கச் சொன்னாராம். அதான் கல்லு யாரு தலையிலயும் விழாம உடைக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

எங்கள் மேனேஜர் சீனர். பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக என்னிடம் பேசுவார். அதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். அன்று அவர் என்னைக் கூப்பிட்டு, சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். அதில் பணம் தரும் மெஷின் வரப்போகிறது, கார்டைச் செருகி, ரகசிய எண்ணை அமுக்கி, தொகையை அமுக்கினால் நோட்டு வரும், ஞாயிற்றுக்கிழமைகூட வரும் என்றார். அவர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை இருந்தது.

"அப்ப நான்?" என்றேன்.

"நீ வெளிய."

மெஷின் வீதியைப் பார்த்து, அஞ்சடியில் இருக்கும். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அந்த நடைபாதையில் நான் நின்று, வருகிறவர்களுக்கு மெஷினைப் பழக்க வேண்டும். கிளையில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் ஜாகாவும்தான். ஜாகாவின் மீசையைப் பார்த்தால் யாரும் கார்டை வெளியே எடுக்க மாட்டார்கள். எனவே நான். "ஜனங்க தானா அமுக்கப் பழகிட்டா, நீ திரும்ப உள்ள வந்திடலாம்" என்றார்.

சீக்கிரம் பழக்கிவிட்டு உள்ளே வந்துவிடலாம் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. தோ பாயோவில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வீட்டுக்காரர் அதைக் கெடுத்தார். அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை பார்த்தார்.

"எல்லாரும் மெஷினுக்குப் பழகிட்டா, உள்ள உக்காந்து நீ யாருக்குக் காசு கொடுப்ப?"

"யாராவது வருவாங்க."

"எங்க இடத்துலயும் பெட்டி தூக்க மெஷின் வந்துச்சு. ஓட்டிக் காட்டினவன்தான் முதல்ல வீட்டுக்குப் போனான்."

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தேன். நன்றாகப் பழக்கினால் என் கவுண்டர் போய்விடும். பழக்காவிட்டால் நான் அஞ்சடியிலேயே நிற்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம், எனக்கும் மனிதர்களுக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருக்கிற இடத்தில் ஒரு நாற்காலி. இதை மேனேஜரிடம் எந்த மொழியில் சொல்வது என்றும் தெரியவில்லை.

மெஷின் வந்தது. என் சேலைக்குக் குறுக்கே போட்டுக்கொள்ள ஒரு சிவப்புப் பட்டையும் வந்தது. 'என்னைக் கேளுங்கள்' என்று நான்கு மொழியில் எழுதியிருந்தது. ஆங்கிலம் தோளில், சீனம் நெஞ்சில், மலாய் வயிற்றில், தமிழ் இடுப்புக்குக் கீழே. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் குனிந்து படிக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டு நிமிர்ந்து, சாங்கிக்கு எந்த பஸ் என்று கேட்பார்கள். பக்கத்துத் தியேட்டரில் என்ன படம் என்று கேட்பார்கள். ஒருவர், தன் மகளுக்கு வரன் தெரியுமா என்று கேட்டார்.

முதல் நாளே வந்தவர் மில் அம்மா. இரண்டு தெரு தள்ளி மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கும் மில் வைத்திருந்தவர். அவர் வருவதற்கு முன்னால் அவர் மேல் ஒட்டிய மிளகாய்ப் பொடியின் காரம் வரும். இத்தனை வருஷமாகக் கண்ணாடி என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் மூக்குக்குத் தெரிந்தது.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் போட்டியிலம்மா ஜெயிச்ச?"

நான் மெஷினைப் பற்றி மெல்ல விளக்கினேன். என் குரல் பஸ் சத்தத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் காதை என் வாயருகே கொண்டுவந்தார். நான் ஓரடி பின்னால் போனேன். அவர் ஓரடி முன்னால் வந்தார். இப்படியே நாங்கள் பக்கத்துச் சாமான் கடை வரைக்கும் போய்விட்டோம். கடைசியில் ஜாகா வந்து, நான் முணுமுணுப்பதைக் கேட்டு, அதையே ஊருக்கே கேட்கிற மாதிரி திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து அதுவே முறையானது. நான் ஜாகாவிடம் சொல்வேன், அவர் வாடிக்கையாளரிடம் சொல்வார்.

ரகசிய எண்ணில்தான் சிக்கல். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜனங்கள் அதை ஒப்புக்கொண்டு, மறந்துபோகாமல் இருக்க ஜாகாவிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். காவல்காரர் என்பதே காக்கிறவர்தானே.

"என் நம்பர் என்ன தம்பி?" என்பார் மில் அம்மா.

"உங்க பிளாக் நம்பரும் மருமகன் வீட்டு மாடி நம்பரும்."

"சத்தமாச் சொல்லாதப்பா. யாருக்கும் தெரியக் கூடாதாம்."

"உங்களுக்கே தெரியல. அதவிடப் பத்திரமா வேற எங்க வைக்கிறது?"

எப்படியோ பழகிவிட்டார்கள். பேசக் கூச்சப்படுகிறவள் ஒருத்தி, சொல்லிக்கொடுக்கக் கத்துகிறவர் ஒருவர், இப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தே பழகிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை, நான் சொல்லாமலே ஒரு கிழவர் கார்டைப் போட்டு, பணத்தை எடுத்து, பையில் வைத்துக்கொண்டு போனார். ஜாகா கைதட்டினார். நான் உள்ளே திரும்பி என் கவுண்டரைப் பார்த்தேன்.

அந்த மாதமே என் கவுண்டரைக் கழற்றினார்கள். கண்ணாடியை இரண்டு பேர் லாரிக்குத் தூக்கிக்கொண்டு போவதை வெளியிலிருந்து பார்த்தேன். அது இருந்த இடத்தில் ஒரு சோபாவும் தொட்டியில் ஒரு பனைச் செடியும் வந்தன. மிச்சமிருந்த ஒரே கவுண்டரில் என்னைவிட மூத்தவர் இருந்தார். மேனேஜர் என்னைச் சோபாவில் உட்காரச் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான், செடியின் இலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"உள்ள இடம் இல்ல. ஒண்ணு, பட்டையப் போட்டுக்கிட்டு இங்க இருக்கற வேற கிளைகளுக்குப் போய்ப் போய் நிக்கலாம். இல்ல, தலைமை அலுவலகத்துல டெலிபோன் பிரிவு. மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

டெலிபோன் பிரிவில் ஆள் முகம் தெரியாது, எனக்கு நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். தெரிந்த ஒருத்தியைக் கேட்டேன். நாள் முழுக்க யாராவது காதுக்குள்ளேயே திட்டுவார்கள் என்றாள். கண்ணாடி என்றால் ஒரு முழமாவது தள்ளியிருக்கும். டெலிபோனில் அதுவும் கிடையாது. ஞாயிறு பூசையில், வேறு எதையும் கேட்காமல், ஒரு நாற்காலியை மட்டும் கேட்டேன். அது ஆவணி மாதம்.

ஆவணி என்றால் கல்யாணம். சிங்கப்பூரில் கல்யாணம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அதனால் சனிக்கிழமை எல்லாருக்கும் மொய்ப்பணம் வேண்டும். மொய்யை வட்டமாக ஐம்பது, நூறு என்று வைக்க மாட்டார்கள். ஐம்பத்தோரு வெள்ளி, நூற்றோரு வெள்ளி; டாலரை இங்கே வெள்ளி என்போம். இது எல்லா ஊரிலும் உள்ளது. எங்கள் கிளையில் மட்டும் இதற்கு ஒரு வால் முளைத்திருந்தது, அதற்கு நான்தான் காரணம். கவுண்டரில் இருந்த காலத்தில், ஐம்பத்தொன்று எடுக்க வருகிறவர்களுக்கு, ஐம்பது வெள்ளிக்கு மேல் புத்தம்புது ஒரு வெள்ளி நோட்டை வைத்து, ஒன்றாக மடித்துத் தருவேன். பேச்சுக் குறையும் என்பதற்காகத்தான். அது நாளாவட்டத்தில் சாஸ்திரமாகிவிட்டது. ஐம்பதும் ஒன்றும் ஒரே கையிலிருந்து வர வேண்டும். நாமே நம் பையிலிருந்து ஒரு வெள்ளியைச் சேர்த்தால் அது இரண்டு பேர் வைத்த மொய்யாகிவிடும், தம்பதி ஒற்றுமைக்கு ஆகாது என்று மில் அம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அப்படி ஒரு வழக்கம் தமிழ்நாட்டிலும் இல்லை, சிங்கப்பூரில் வேறு தெருவிலும் இல்லை. எங்கள் கவுண்டரில் பிறந்தது.

மெஷினுக்கு இது தெரியாது. அதற்குப் பத்து வெள்ளி நோட்டு மட்டும்தான் தெரியும்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், மறுநாள் நடக்கிற கல்யாணத்துக்கு மொய் எடுக்க மில் அம்மா வந்தார். ஜாகாவிடம் நம்பர் கேட்டு அமுக்கினார். ஐம்பது வெள்ளி வெளியே தலைநீட்டியது. கார்டும் தலைநீட்டியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்குங்கம்மா" என்றேன்.

"இரு. ஒண்ணு வரட்டும்."

"அது வராதும்மா."

என் குரல் பஸ்ஸோடு போய்விட்டது. மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. அம்மா அதைப் பார்த்து, "மெதுவா எண்ணு, அவசரமில்ல" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, மெஷின் கார்டையும் இழுத்துக்கொண்டது, ஐம்பது வெள்ளியையும் இழுத்துக்கொண்டது.

பின்னால் நின்றவரும் அதே கல்யாணத்துக்குப் போகிறவர். "இன்னைக்கு ஒத்த வெள்ளி எண்ண நேரமாகுது போல. நீ கொஞ்சம் பொறுமையா நில்லு" என்று அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் பொறுமையாக நின்றார். அவருடைய கார்டும் போயிற்று. அடுத்தவர் இன்னும் பொறுமைசாலி. வரிசை முழுவதும் பெண்வீட்டுச் சொந்தம். ஒருவர் பொறுமையை ஒருவர் மிஞ்சினார்கள். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், வழியனுப்புகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் பதிலுக்குக் கையாட்டினார்கள். ஜாகாவோ, "தள்ளாதீங்க, வரிசையா நில்லுங்க, மெஷின் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்று ஒழுங்குபடுத்தினார்.

பெண்வீட்டார் பாதிப் பேரின் கார்டு உள்ளே போன பிறகு சத்தம் கிளம்பியது. மேனேஜர் ஓடிவந்தார். கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறீர்களா என்று ஒருவர் அவரைக் கேட்டார். யார் கல்யாணம் என்று அவருக்குப் புரியவில்லை. பணம் கணக்குக்கே திரும்பிப் போயிருக்கும், பயமில்லை என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். பிறகு என் கையில் ஒரு சாவியைத் திணித்தார்.

"மெஷினுக்குப் பின்னால உள்ள அறைக்குப் போ. விழுங்கின கார்டெல்லாம் ஒரு தட்டுல கெடக்கும். எடுத்துக் கொடு."

அந்த அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த சத்தமெல்லாம் தலையணைக்குள் போன மாதிரி அடங்கிவிட்டது. நல்ல குளிர், மெஷினுக்குச் சூடு ஆகாது என்று ஏர்கான் நாள் முழுக்க ஓடும். என் பழைய கவுண்டரின் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். மெஷினின் முதுகு ஒரு பசுவின் முதுகு மாதிரி மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கும் ஊருக்கும் நடுவில், இரும்பாலும் சிமெண்டாலும் ஒரு சுவர். கொஞ்ச நேரம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

சுவர் உடைத்தவர்கள் ஓட்டையை விரலகலம் கூடுதலாக உடைத்திருக்கிறார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் அந்த இடைவெளியை ஒரு ரப்பர் பட்டையால் மூடியிருந்தார்கள். அது ஓரிடத்தில் உரிந்திருந்தது. அதில் ஒரு கண் தெரிந்தது.

"உள்ள நீயா?" என்றது கண். காரம் அடித்தது.

"ஆமாம்மா." தட்டிலிருந்த கார்டைப் பார்த்துப் பெயர் சொல்லி, இடைவெளி வழியாக ஒவ்வொன்றாக நீட்டினேன். விரல்கள் வாங்கிக்கொண்டன. மில் அம்மா மறுபடியும் ஐம்பது எடுத்தார். இந்தத் தடவை ஜாகா கத்தியதால் கார்டையும் எடுத்துக்கொண்டார். பிறகு கண் திரும்ப வந்தது.

"அந்த ஒண்ணு?"

அட்டைப்பெட்டியில் தேடினேன். மேசை இழுப்பறையில், எங்கள் பேச்சில் லாச்சியில், இருந்த சாமானோடு, நான் மொய்க்கென்று பிரிக்காமல் வைத்திருந்த புது ஒரு வெள்ளிக் கட்டு கிடந்தது. ஒரு நோட்டைத் தள்ளினேன். அவர் யோக்கியமானவர், தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து இடைவெளி வழியாக உள்ளே போட்டார். பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒரு வெள்ளி உள்ளே வரும், ஒரு வெள்ளி வெளியே போகும். கணக்கு எப்போதும் சரி.

அன்று மாலை மேனேஜர் இதைக் கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அவங்க ஒண்ணு கொடுக்கறாங்க. நாம ஒண்ணு கொடுக்கறோம். இதுல யாருக்கு என்ன லாபம்?"

"கல்யாணம் நல்லா நடக்கும் சார்."

அவர் இதைப் பரிசீலித்தார். அடுத்த சனிக்கிழமை, வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்கள்கூட எங்கள் கிளையில் கணக்குத் திறந்து கார்டு கேட்டார்கள். ஒற்றை வெள்ளியோடு மொய் தரும் மெஷின் இங்கேதான் இருக்கிறது என்று பேச்சு பரவிவிட்டது. மாதக் கடைசியில் என்னிடம் முடிவு கேட்க வேண்டிய மேனேஜர், கேட்கவில்லை. தன் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மெஷின் அறையில் போட்டார். "நான் எதையும் பாக்கல" என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எனக்கு என்னவோ ஆயிற்று. பேச ஆரம்பித்தேன். நான் இருப்பது மில் அம்மாவுக்கும் ஜாகாவுக்கும் தெரியும். மற்றவர்கள் மெஷின் பேசுகிறது என்று நினைத்தார்களோ, தெரிந்துகொண்டே நினைத்த மாதிரி இருந்தார்களோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. "கார்டை எடுத்துக்குங்க அண்ணே" என்பேன். "சரிம்மா" என்பார்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா?" என்பேன். மருமகளைப் பற்றிச் சொல்வார்கள், முதலாளியைப் பற்றிச் சொல்வார்கள். பின்னால் நிற்பவர், "மெஷினோட என்னய்யா பேச்சு, சட்டுனு எடுய்யா" என்று அதட்டுவார். தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, பெண்டாட்டியோடு சண்டை என்று ஆரம்பிப்பார். நான் அவ்வளவு பேசியதை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் வேறு யாரோ என்று நினைத்திருப்பார்.

இப்படி இருந்தபோதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. தீவிலேயே எங்கள் மெஷின்தான் அதிகம் வேலை செய்கிறதாம். காரணம் தெரிந்துகொள்ள வருகிறாராம். மேனேஜர் வெளிறிப்போனார்.

"சத்தம் போடாத. மூச்சு விடாத. தெரிஞ்சா உன் நாற்காலியும் போயிடும், என் நாற்காலியும் போயிடும்."

அதிகாரி வந்தது ஒரு சனிக்கிழமை. நான் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இடைவெளியில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றின் ஓரம் தெரிந்தது. அவர் தன் கார்டைப் போட்டு ஐம்பது வெள்ளி எடுத்துப் பார்த்தார். சரியாக வந்தது. மேனேஜர் மெஷினின் பெருமையை வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது காரம் வந்தது.

"அவங்கள இருக்கச் சொல்லுப்பா" என்று மில் அம்மா ஜாகாவிடம் சொல்வது கேட்டது. "பெரிய இடத்து ஆளு மாதிரி இருக்காங்க. அம்பத மட்டும் எடுத்துக்கிட்டுப் போறாங்களே. அபசகுனம். ஒரு வெள்ளிய அந்தச் சந்துல போடச் சொல்லு."

ஜாகா வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளிக் காசைப் போட்டார். அது என் மடியில் வந்து விழுந்தது. நான் அசையவில்லை. நோட்டைத் தள்ளினால் நாற்காலி போகும். தள்ளாவிட்டால் மில் அம்மா விட மாட்டார். கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவை மூக்கு எடுத்தது. ஏற்கெனவே காரம் ஏறியிருந்தது. அடக்கி அடக்கி, மெஷின் முழுக்க அதிரும்படி தும்மினேன்.

சாம்பல் கோட்டு மெஷின் பக்கம் திரும்பியது.

"ஏர்கான்" என்றார் மேனேஜர்.

"ஆயுசு நூறு" என்றார் மில் அம்மா, மெஷினைப் பார்த்து.

கோட்டு குனிந்தது. இடைவெளியில் ஒரு கண்ணாடி போட்ட கண் வந்தது. "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது.

பெரிய அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்.

"நோ, மேடம்" என்றேன்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. அதிகாரி வாசலில் நின்றார். பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் பனைச் செடி. நான் ஏர்கான் குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையோடு, ஒரு கையில் காசும் ஒரு கையில் நோட்டுமாக எழுந்து நின்றேன். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நான் காசையும் நோட்டையும் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். நல்ல மனுஷிதான், அதட்டவில்லை. கடைசியில் எனக்கு வந்தது ஒரே வாக்கியம்.

"கதவச் சாத்துங்க மேடம்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதிகாரி வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினார். சாத்தியதும் நான் பேசினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கதவைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்: ஐம்பதும் ஒன்றும் ஒரே கையிலிருந்து வர வேண்டியதை, கார்டுகள் போனதை, சுவர் இடைவெளியை, ஒன்றுக்கு ஒன்று கணக்கை. டெலிபோன் பிரிவு வேண்டாம் என்றேன். பட்டை போட்டு நிற்க முடியாது என்றேன். மெஷினுக்கு வேலை செய்யத் தெரியும், காத்திருக்கத் தெரியாது, இங்கே உள்ளவர்களுக்குக் காத்திருக்க மட்டும் தெரியும், நடுவில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். பேசி முடித்த பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

இருந்தார். "ஆள் கணக்கில் இந்தக் கிளைக்கு இடம் இல்லை" என்றார், அவரும் கதவிடமே. "ஆளைக் குறைக்கத்தான் மெஷின் வாங்கினோம். மெஷின் இருப்பதால் ஓர் ஆள் வேண்டும் என்று நான் மேலே எழுத முடியாது." கொஞ்சம் யோசித்தார். "மெஷின் கணக்கில் பணம் இருக்கிறது. உதிரிபாகம், பராமரிப்பு என்று."

அப்படித்தான் நான் உதிரிபாகமானேன். சம்பளம் குறையவில்லை, ஊழியர் கணக்கிலிருந்து மெஷின் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான். எனக்குக் காய்ச்சல் என்றால் மெஷினில் 'தற்காலிகமாகப் பழுது' என்று பலகை தொங்கும். ஆண்டு விடுப்புக்குப் போனால் 'பராமரிப்பு'. ஊழியர் விருந்துக்கு அழைப்பு வரவில்லை. மேடையில் பேர் வாசிப்பார்களே, அந்தத் தொல்லையும் இல்லை. "மெஷின்ல எந்த பாகம் நீ?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "தும்முற பாகம்" என்பேன்.

எண்பதுகளின் கடைசிப் பக்கம் அந்தக் கிளைக்குப் புது மெஷின் வாங்கினார்கள். பழைய மெஷின் இன்னும் நன்றாக ஓடியதால், அதைத் தோ பாயோ கிளைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. மெஷினை, அதைச் சேர்ந்த எல்லாப் பாகங்களுடனும் அனுப்பவும் என்று இருந்தது. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்தார். அப்போது அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "மெஷின், பெட்டி, நாற்காலி, நீ" என்று விரல்விட்டுச் சொன்னார். மில் அம்மாவிடம் நான் போய்ச் சொன்னபோது, தோ பாயோ கோயிலிலும் கல்யாணம் நடக்குமே, அங்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். மெஷினைச் சாக்கால் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

தோ பாயோவில், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை செய்தவர் தமிழர், இளவயசு. அளவுகோலை வைத்து, மயிரிழை பிசகாமல் வெட்டியிருந்தார். மெஷினை உள்ளே தள்ளிப் பொருத்திப் பார்த்தார்கள். காற்றுகூடப் போகாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் அவர் பின்னால் நின்றேன். நடுவில் கண்ணாடி இல்லை, கதவு இல்லை, எனக்காக எடுத்துச் சொல்ல ஜாகாவும் இல்லை. தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை செருமினேன்.

"அண்ணே, ஒரு வெரல் அகலம் கூட வெட்டுங்க."

"என்னக்கா?"

"இந்தப் பக்கம். ஒரு வெரல் அகலம்."

"பிளான்ல அப்படி இல்லையேக்கா. வெட்டினா சந்து வுழும்லா."

"வுழட்டும்."

"எதுக்குக்கா சந்து? மழைத் தண்ணி அடிக்கும். மேல கேட்டா யாரு சொன்னதுன்னு சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. எனக்கே என் குரல் கேட்டது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மெஷினை வெளியே இழுக்கச் சொல்லிவிட்டு, உளியை எடுத்தார்.